ஏழாம் எதிர்மனுதாரர்

வில்கமுவ,
18.03.2002

மனுதாரர் கமலாட்சி மாரிமுத்து அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். நாட்டின் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் வழக்குப் போடுகிற தெம்பு உள்ளவர்களுக்கு நலத்தில் என்ன குறை இருக்கப் போகிறது?

வெள்ளிக்கிழமை நான் மூன்றாம், நான்காம் வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுப் பதிவுத் தபால் என்றார். இந்தக் காட்டுக்குப் பதிவுத் தபால் வந்து எவ்வளவு காலமோ தெரியாது. பிள்ளைகள் எல்லாம் எழுந்து வந்து என்னைச் சுற்றி நின்றன. உறையைப் பிரித்தேன். மேலே மனுதாரர் என்று உங்கள் பெயர். கீழே எதிர்மனுதாரர்கள் வரிசை. செயலாளர், பணிப்பாளர், நேர்முகக் குழுவினர் என்று போய், ஏழாவதாக யஹ்யா மஸூதா. எட்டாவது யார் தெரியுமா? அரசாங்கத்துக்கே வழக்குப் பேசும் சட்டமா அதிபர். அவருக்கு முன்னால் என் பெயரை எழுதிய மரியாதைக்கு நன்றி.

எங்கள் பள்ளிக்கூட அதிபர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். உயர் நீதிமன்றம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதென்றால் சின்னக் காரியமாக இருக்காது என்றார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் தங்கியிருக்கும் வீட்டுச் சுது நோனா சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, யாரையாவது கொன்றுவிட்டாயா மகளே என்று சிங்களத்தில் மெல்லக் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் சாப்பிடு என்றார்.

சிரிக்க வேண்டாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தோம். ஒரே நாளில் ஆசிரியர் பரீட்சை எழுதினோம். எனக்கு வேலை கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்காக நான் அழுதது உங்களுக்குத் தெரியும். இந்த வேலை போனால் எனக்கு என்ன காத்திருக்கிறது என்பதும் தெரியும். வாப்பா பார்த்து வைத்திருக்கும் கலேவெல மாப்பிள்ளை. அவருக்கு லொறி இருக்கிறதாம். வேறு எதுவும் இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

ஏழாம் எதிர்மனுதாரர்,
மஸூதா


பலாபத்வல,
27.03.2002

அன்புள்ள மஸூதா,

நீ என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருப்பதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மா, “அந்தப் புள்ளைக்கு என்னா செஞ்ச நீ?” என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. உன் கோபம் இந்த வீட்டில் நன்றாகவே வேலை செய்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிறகு கோபப்படு.

பரீட்சைப் பெறுபேற்றுப் பட்டியலில் என் பெயர் மேலே இருந்தது. நீயே பார்த்தாய். நியமனப் பட்டியல் வந்தபோது என்னைக் காணவில்லை. விசாரிக்கப் போனேன். கல்வி அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாவட்டத்தில் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்குத்தான் நியமனம் என்றார். நான் பிறந்ததே இங்கேதான் என்றேன். தோட்டத்து வரிசை வீட்டில் எங்கள் லயக் காம்பரா கம்பெனிக்குச் சொந்தம், அப்பாவுக்கு வேலை போனால் வெளியே போக வேண்டும், ஆகவே அது தற்காலிகத் தங்குமிடம் என்றார். அவர் சத்தம் போடவில்லை, ஏசவுமில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா றப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப இத்தன காலமா நாம எங்க இருக்கோம் புள்ள?”

மறுநாள் மாத்தளைக்குப் போய்ப் பதுர்தீன் லோயரைப் பார்த்தேன். எங்கள் தோட்டத்து ஆட்கள் அவரிடம்தான் போவார்கள். நீதவான் நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட முடியுமா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த நீதிமன்றம் அது ஒன்றுதான். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார். அடிதடி, திருட்டு என்றால் நீதவான் நீதிமன்றம். காணி, கடன், விவாகரத்து என்றால் மாவட்ட நீதிமன்றம். கொலை போன்ற பெரிய குற்றம் என்றால் மேல் நீதிமன்றம். தீர்ப்புப் பிடிக்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றம். எல்லாவற்றுக்கும் மேலே உயர் நீதிமன்றம். சாதாரண வழக்கு அடியில் தொடங்கி ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். ஆனால் அரசாங்க அலுவலகமே ஒருவரைச் சமமாக நடத்தாமல் விட்டால், அது அடிப்படை உரிமை. அதற்கு மட்டும் கீழே ஒரு படியிலும் இடமில்லை. நேரே உச்சியில் உள்ள கதவைத் தட்டலாம். அந்தக் கதவு ஒரு மாதம்தான் திறந்திருக்கும்.

அந்த ஒரு மாதத்தில் பாதி ஏற்கனவே போயிருந்தது.

உன் பெயர் ஏன் வந்தது என்று கேட்கிறாய். நானும் அதைத்தான் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. வழக்கின் முடிவு யாரைப் பாதிக்கலாமோ அவரைச் சேர்க்காமல் விட்டால் மனுவையே தள்ளிவிடுவார்களாம். உன்னைக் கேட்காமல் உன் வேலையில் கை வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் உன்னைக் கூப்பிடுகிறார்கள். அது உனக்கு எதிரான காரியம் அல்ல. உனக்குக் காவல்.

இன்னொன்று. நான் சொல்லாமல் விடவில்லை. மனுப் போட்ட அன்றே உன் வாப்பாவின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மகளுக்கு நானே எழுதுகிறேன், நீ கவலைப்படாதே என்று சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்து அனுப்பினார். எழுதவில்லையா?

மாறாத அன்புடன்,
கமலாட்சி


வில்கமுவ,
11.04.2002

கமலாட்சி,

‘அன்புள்ள’ என்று எழுத இன்னும் மனம் வரவில்லை. ஆனால் ‘நீங்கள்’ கைவிடப்பட்டது. கவனித்துக்கொள்.

போன சனிக்கிழமை வாப்பா வந்தார். உம்மா கொடுத்தனுப்பிய வட்டிலப்பத்தைக் கண்டி பஸ், டிராக்டர், பிறகு நடை என்று மடியில் வைத்தே கொண்டுவந்து சேர்த்திருந்தார். இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டு முடித்ததும் விசாரணையைத் தொடங்கினேன். கமலாட்சி கடைக்கு வந்தாளா? வந்தாள். சொன்னாளா? சொன்னாள். எனக்கு ஏன் எழுதவில்லை?

“என்ட காணி வழக்கு நீ பொறக்க முந்தித் தொடங்கினது மகள். இன்னம் மாத்தளயத் தாண்டல்ல. இந்த வழக்கும் ஒன்ட கைக்கு வந்து சேர்றதுக்குள்ள நீ பென்சன் எடுத்திருவாய் எண்டு நெனச்சேன்.”

அவருடைய கோபம் உன்மேல் இல்லை, பதுர்தீன் லோயர் மேல். வாப்பாவின் காணி வழக்கையும் அவர்தானே பேசுகிறார். என்னைப் படி படியாக ஏற்றிக்கொண்டு, இல்லை, முதல் படியிலேயே இருத்தி வைத்துக்கொண்டு, நேற்று வந்த பிள்ளையை ஒரே தாவில் உச்சிக்குக் கொண்டுபோய்விட்டாரே என்று ஆதங்கப்படுகிறார். தன் காணியையும் அடிப்படை உரிமையாக மாற்றித் தர முடியுமா என்று போய்க் கேட்டிருக்கிறார். அவர் முடியாதென்று சொல்லிவிட்டாராம். வழக்கு முடிந்தால்தானே எங்களுக்கென்று ஒரு வீடு. அதுவரை கடைக்குப் பின்னால்தான் குடித்தனம்.

பிறகு வாப்பா தன் திட்டத்தைச் சொன்னார். கண்டி மேல் நீதிமன்றத்துக்குப் போய் உன் மனுவை நிறுத்திவிடலாமாம். மேல் நீதிமன்றம் உயர் நீதிமன்றத்துக்குக் கீழே என்று எவ்வளவோ சொன்னேன். ஏற்கவில்லை. “ஒசரமா ஈந்தா என்ன? மேல ஈக்கிறவன்தானே பெரியவன்” என்கிறார். பெயர் வைத்தவர்கள்மேல்தான் பிழை என்று விட்டுவிட்டேன். உயர் நீதிமன்றத்துக்கு மேலே போய் முறையிட வேறு இடமே இல்லை என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. அவருக்கு அது நியாயமாகவே படவில்லை. எல்லாருக்கும் மேலே ஒருவர் இருக்க வேண்டாமா என்று கேட்டார். அல்லாஹ் இருக்கிறான் என்றேன். அவனிடம் ஒரு மாதக் கெடு இல்லை என்று எழுந்து போய்விட்டார்.

சிரித்தது போதும். ஒன்றை நேராகக் கேட்கிறேன். நேராகப் பதில் எழுது. உன்னை எடுத்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னால், எடுத்தவர்களில் ஒருவர் போக வேண்டும். பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. நீ வென்றால் என் கதி என்ன?

வேலிக்கு அப்பால் யானை நிற்கிறதென்று பிள்ளைகள் கத்துகிறார்கள். போய்ப் பார்க்க வேண்டும்.

மஸூதா


பலாபத்வல,
14.05.2002

அன்புள்ள மஸூதா,

நேற்றுக் கொழும்புக்குப் போய்வந்தேன். புதுக்கடையில் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கூரை, பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிகிறது. பதுர்தீன் லோயர் கறுப்புக் கோட்டின்மேல் அங்கியைப் போட்டதும் ஆளே மாறிப்போனார். மாத்தளையில் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுகிற மனிதரா இவர் என்று நினைத்தேன். மூன்று நீதியரசர்கள் இருந்தார்கள். எங்கள் முறை வந்து, அவர் பேசி, அவர்கள் ஒன்றிரண்டு கேள்வி கேட்டு, முடிந்துவிட்டது. நான் மடித்து வைத்திருந்த கைக்குட்டையை எடுக்கக்கூட நேரமில்லை. மனுவைத் தொடர்ந்து விசாரிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. இன்னும் வெல்லவில்லை. கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி உன் கேள்வி. லோயரிடம் அப்படியே கேட்டேன். நீதிமன்றம் எனக்கு ஓர் இடம் கொடுக்கச் சொல்லலாம், முழுப் பட்டியலையும் ரத்துச் செய்யவும் சொல்லலாம், எது நடக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது என்றார். நான் அதை மறைத்து உனக்கு இனிப்பாக எழுதப் போவதில்லை.

ஆகவே இதைச் சொல்கிறேன். மனுவை மீளப் பெற்றுக்கொள்ள முடியும். நீ வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் நான் நாளைக்கே மாத்தளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் இன்னும் பேசவில்லை. பேசிக்கொள்வேன். தோட்டத்து நேர்சரிப் பாடசாலையில் பிள்ளை பார்க்கும் வேலை காலியாக இருக்கிறது. நான் பட்டினி கிடக்கப் போவதில்லை.

இங்கே ஊரே திருவிழாப் போல இருக்கிறது. யுத்தம் நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்ததிலிருந்து ராத்திரி பகல் பார்க்காமல் பஸ்கள் ஓடுகின்றன. பலாபத்வல சந்தியில் நிறுத்தித் தேநீர் குடிக்கிறார்கள். அவர்கள் பேசும் தமிழைக் கேட்க எங்கள் லயத்துப் பிள்ளைகள் போய் நிற்கின்றன. ஒருவர் அப்பாவிடம் “நீங்கள் எவ்விடம்?” என்று கேட்டாராம். அப்பா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மாத்தளை மிளகைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

நீ எழுதும் வரியை எதிர்பார்த்திருக்கும்,
கமலாட்சி


வில்கமுவ,
20.06.2002

கமலா,

சுருக்கமாக எழுதுகிறேன். டிராக்டர் புறப்படப் போகிறது. தபால் அதில்தான் போகும்.

போன வாரம் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். அலுவலகத்திலிருந்து வருகிறோம் என்றார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். நீதிமன்றத்துக்குக் கொடுக்க ஒரு சத்தியக்கடதாசியை ஏற்கனவே தட்டச்சுச் செய்து கொண்டுவந்திருந்தார்கள். மனுதாரரை எனக்குத் தெரியும் என்றும், அவர் தோட்டத்தில் வேலை நிமித்தம் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றும் நான் சொல்வதாக அதில் இருந்தது. இதில் கையெழுத்து வைத்தால் உங்கள் நியமனத்துக்கு ஒரு பிரச்சினையும் வராமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், டீச்சர் என்றார்கள். வாசித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். வாசிக்க என்ன இருக்கிறது என்று சிரித்துவிட்டு, கடதாசியை வைத்துவிட்டுப் போனார்கள்.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்காதே. எனக்கே இன்னும் தெரியாது. இங்கே ஒரு பையன் மூன்று மாதத்துக்கு முன்னால் எழுத்துத் தெரியாமல் வந்தான். நேற்றுச் சுது நோனாவின் கதவில் கரியால் என் பெயரை எழுதி வைத்திருக்கிறான். அவர் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதையெல்லாம் விட்டுப் போவது உனக்கு எழுதுகிற அளவுக்குச் சுலபமில்லை.

ஆனால் ஒன்று. நீ மனுவை மீளப் பெறக் கூடாது. எனக்காகப் பெற்றுக்கொண்டேன் என்று ஆயுள் முழுக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீ இருக்க, அதைத் தாங்கிக்கொண்டு நான் இருக்க வேண்டுமா? என்னால் முடியாது.

மஸூதா


பலாபத்வல,
03.10.2002

மஸூதா,

நீ எழுதி மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. நான் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை.

விசாரணை வரும் பத்தாம் திகதி. நான் போக முடியாது. எனக்கு அம்மை போட்டிருக்கிறது. முகமெல்லாம் கொப்புளம். வேப்பிலைக் கட்டோடு மூலையில் கிடக்கிறேன். அம்மா யாரையும் உள்ளே விடுவதில்லை. உனக்கு ஏற்கனவே வந்ததுதானே என்று நினைத்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். தபால்காரருக்கு வந்ததா என்று தெரியவில்லை. மனுதாரர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தானே பேசிக்கொள்வதாக லோயர் சொல்லி அனுப்பினார்.

எதிர்மனுதாரர்கள் எல்லாரும் எங்களுக்கு எதிராகக் கையெழுத்து வைத்துவிட்டதாக மாத்தளை பஸ் நிலையத்தில் அப்பாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் என்றால் எல்லாருமா என்று அப்பா கேட்டாராம். அந்த ஆளுக்குத் தெரியவில்லை.

நீ வைத்திருந்தால் நான் கோபப்பட மாட்டேன். ஆனால் அதை உன் கையால் எழுதி எனக்குத் தெரியப்படுத்து.

கமலாட்சி


பலாபத்வல, வாப்பாவின் கடையிலிருந்து,
12.10.2002

அன்புள்ள கமலா,

ஆமாம், அன்புள்ள. உன் லயத்துக்கும் இந்தக் கடைக்கும் நடுவில் ஒரு மேடுதான். இருந்தும் உன் அம்மா என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றும்வரை வரக் கூடாதாம். நாளைக் காலை நான் வில்கமுவவுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே எழுதி உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் கையெழுத்து வைக்கவில்லை. வைக்க மாட்டேன் என்று அவர்களுக்கு எழுதவும் பயமாக இருந்தது. உனக்கு எழுதினால் நீ ஏதாவது நம்பிக்கையை வளர்த்துக்கொள்வாய், கடைசியில் நான் பின்வாங்கினால் என்ன செய்வது என்று பயந்து அதையும் விட்டேன். உன் கடிதம் ஏழாம் திகதி வந்தது. நீ போக முடியாது என்று அதில் இருந்தது. அங்கே உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது உன்னைத் தெரிந்த ஒருத்தியும் இருக்க மாட்டாள். அதிபரிடம் விடுமுறை கேட்டேன். எதற்கென்றார். உயர் நீதிமன்றம் கூப்பிட்டதே, போக வேண்டாமா என்றேன். ஏழு மாதத்துக்குப் பிறகு இப்போதுதானா என்றார்.

கண்டியில் வாப்பா வந்து சேர்ந்துகொண்டார். வழியில் எங்கேயும் இறங்கச் சொல்லவில்லை. சோதனைச் சாவடிகள் இருந்த இடத்தில் மணல் மூட்டைகள்தான் கிடந்தன. இருந்தும் வாப்பா கொழும்பு வரை அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

பதுர்தீன் லோயர் எங்களைக் கண்டு திடுக்கிட்டுவிட்டார். எதிர்த் தரப்போடு நான் பேசக் கூடாது மகளே என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். வாப்பா அவருடைய முதுகிடம் காணி வழக்கைப் பற்றிக் கேட்டார்.

வழக்கு எடுக்கப்பட்டது. லோயர் நன்றாகப் பேசினார், கமலா. ஆங்கிலத்தில் பேசியதில் பாதி புரியவில்லை. ஆனால் உன் பாட்டனார், பூட்டனார் என்று அவர் எண்ணிக்கொண்டு போனது புரிந்தது. பிறகு அரச சட்டத்தரணி எழுந்தார். வயதில் நம்மைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். வீடு கம்பெனியுடையது, வேலை இருக்கும்வரைதான் இருப்பு, ஆகவே நிரந்தரமில்லை என்று அதையே நான்கு விதமாகச் சொன்னார். நடுவில் இருந்த நீதியரசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏழாம் எதிர்மனுதாரருக்காக யாரும் வந்திருக்கிறார்களா என்று கேட்டார். பதிவுக்காகக் கேட்கிற கேள்விதான் அது. ஒருவரும் எழும்ப மாட்டார்கள் என்றே அவர் குனிந்து எழுதத் தொடங்கினார்.

நான் எழும்பினேன்.

சிங்களத்தில்தான் பேசினேன். நடுவில் வார்த்தை வராமல் தமிழில் விழுந்தேன், மொழிபெயர்ப்பாளர் பிடித்துக்கொண்டார். உனக்குத் தமிழிலேயே எழுதுகிறேன்.

“நீங்கள் யார்?” என்றார்.

“ஏழாவது ஆள் நான்தான் சேர்.”

எல்லாரும் திரும்பினார்கள். உங்களுக்குச் சட்டத்தரணி இல்லையா என்றார். இல்லை என்றேன். இந்த மனு வென்றால் உங்கள் நியமனம் போகக்கூடும், அது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் எதற்கு எழும்பினீர்கள் என்று கேட்டார். அவருடைய குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது.

“அவங்க வீடு எனக்குத் தெரியும் சேர். சின்ன வயசில மழை பெஞ்சு பாதை ஒடஞ்சா அங்கதான் படுத்திருக்கிறன். அவங்க அப்பா அதே காம்பராவிலதான் பொறந்தாரு. கம்பெனி பேரு எத்தனையோ மாறிட்டுது. அவங்க மாறல்ல.”

அரச சட்டத்தரணி எழுந்து, இருக்கலாம், ஆனால் அந்த வீடு அவர்களுக்குச் சொந்தமில்லையே என்றார். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. சத்தியமாக அதுவரை நான் யோசித்தே பார்த்ததில்லை.

“எங்க வீடும் சொந்தமில்ல சேர். கடைக்குப் பின்னால வாடகைக்கு இருக்கிறம். அவங்க அங்க நாலு தலைமுறை. நாங்க இப்ப இருக்கிற வீட்டுக்கு வந்து எட்டு வருசந்தான். நேர்முகத்தில அவங்ககிட்ட வீடு யாருக்குச் சொந்தம்னு கேட்டாங்க. என்கிட்ட ஒருத்தரும் கேக்கல்ல.”

நீதியரசர் அரச சட்டத்தரணியைப் பார்த்து, இது உண்மையா, இதற்கு உங்கள் விளக்கம் என்ன என்றார். அவர் தன் பின்னால் இருந்த அதிகாரிகளைப் பார்த்தார். ஜீப்பில் வந்த இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவுறுத்தல் பெற நேரம் வேண்டும் என்றார் சட்டத்தரணி. தீர்ப்பைப் பின்னர் அறிவிப்பதாகச் சொன்னார்கள். எனக்கு உட்கார வேண்டும் என்றுகூட நினைவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ ஓர் அம்மா சாரியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

வெளியே வந்ததும் வாப்பா, “நாட்டுக்கே பெரிய கோட்டில போய் நாங்க வாடகைக்கு ஈக்கிறத செல்லிட்டியே” என்றார். நான் அழத் தொடங்கினேன். இத்தனை மாதமும் அழாமல் இருந்தது அத்தனையும் அங்கே படிக்கட்டில் வந்தது. வாப்பா பயந்துபோய், பரவாயில்லை, அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று சொல்லிப் புறக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பலூடா வாங்கிக் கொடுத்தார். தனக்கும் ஒன்று. பஸ்ஸில் வரும்போது கலேவெலக்காரரைப் பற்றித் தானாகவே பேச்சை எடுத்து, நீதியரசரோடு வாய் பேசுகிற பிள்ளையை அந்த வீட்டார் தாங்க மாட்டார்கள் என்று முடித்துவிட்டார்.

வேலை போனால் போகட்டும் என்று பெரிய மனதோடு எழுத ஆசை. எழுத முடியவில்லை. போகக் கூடாது என்றுதான் அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன், உனக்குக் கிடைக்க வேண்டும் என்றும் கேட்கிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறேன். அவனுக்கு அது கஷ்டமில்லை.

கொப்புளத்தைச் சொறியாதே.

உன்,
மஸூதா


லக்கல,
19.01.2003

என் உயிர் மஸூதாவுக்கு,

முதலில் முகவரியைப் பார். போன வாரம் வந்து சேர்ந்தேன். மலைச்சரிவில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். பஸ் ஒரு நாளைக்கு வரும், மறுநாள் வராது. இரண்டு வகுப்புக்கு நடுவில் சுவர் இல்லாததால் பக்கத்து வகுப்பில் கேட்கும் கேள்விக்கு என் பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள்.

தீர்ப்பு வந்ததையும், உன் நியமனத்தில் கை வைக்கவில்லை என்பதையும் லோயர் தொலைபேசியில் உன் அதிபருக்குச் சொன்னார் என்று அறிந்தேன். சுது நோனா பால்சோறு சமைத்து ஊருக்கே கொடுத்தாராமே. அவருக்கு என் வணக்கத்தைச் சொல். மற்றவை உனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

தீர்ப்புப் பிரதி கிடைத்த ஞாயிற்றுக்கிழமை பதுர்தீன் லோயரே எங்கள் லயத்துக்கு வந்தார். வாசலில் உட்காரக் கதிரை போட்டோம். அக்கம்பக்கம் எல்லாரும் கூடிவிட்டார்கள். அவர் ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிப்பதும், தமிழில் சொல்வதுமாக இருந்தார். ஒருவர் தன் வாழ்க்கையை நிலையாக நடத்தி வரும் இடமே அவருடைய நிரந்தர வதிவிடம், கூரை யாருக்குச் சொந்தம் என்பது வேறு கேள்வி, வாடகை வீட்டில் இருப்பவருக்கு ஒரு நியாயமும் லயத்தில் இருப்பவருக்கு வேறு நியாயமும் சட்டத்தின் முன் சமத்துவம் ஆகாது என்று இருந்தது. ‘ஏழாம் எதிர்மனுதாரர் தமக்குப் பாதகமாக முடியக்கூடிய ஓர் உண்மையைத் தாமாக முன்வந்து கூறினார்’ என்று ஒரு வரி வருகிறது. அதை நான் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். அந்தப் பட்டியலில் இன்னும் வெற்றிடம் இருந்ததாம். யாரையும் போகச் சொல்லாமலே என்னை எடுத்திருக்கலாம். இதை முன்பே சொல்லியிருந்தால் நாம் இரண்டு பேரும் ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

அப்பா லோயரிடம் ஒன்று கேட்டார். “இது நம்ம புள்ளைக்கு மட்டுந்தானுங்களா, இல்ல எல்லாத்துக்குமா?” லோயர் சொன்னார், மேலே இருந்து சொன்ன விளக்கம் கீழே உள்ள எல்லா நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தும், எல்லா அலுவலகத்தையும் கட்டுப்படுத்தும், இனி எந்தத் தோட்டத்துப் பிள்ளையிடம் தற்காலிகத் தங்குமிடம் என்று சொன்னாலும் இந்தத் தீர்ப்பைக் காட்டலாம் என்று. மேல் லயத்துக் கிருஷ்ணம்மா அக்காவின் மகளையும் இதே காரணம் சொல்லித்தான் திருப்பியிருந்தார்கள். அடுத்த நாளே அக்கா பிரதியெடுக்க டவுனுக்குப் போய்விட்டாள்.

ஆனால் உயர் நீதிமன்றம் நியமனக் கடிதம் எழுதாதாம். எழுதச் சொல்லி உத்தரவு மட்டும்தான் போடும். எழுத வேண்டியது அதே அலுவலகம்தான். அதே ஜன்னலுக்குப் போனேன், அதே ஆள் இருந்தார். எழுந்து நின்று கடிதத்தைக் கொடுத்தார். என் பெயரைக் ‘கமலாட்சு’ என்று அடித்திருந்தார். திருத்தித் தரச் சொன்னேன். கதிரை கொண்டுவரச் சொல்லி என்னை உட்கார வைத்துவிட்டுத் திருத்திக் கொடுத்தார். போகும்போது, “எங்களுக்கு மேலே இருந்து சொன்னதைத்தான் நாங்களும் செய்தோம், தங்கச்சி” என்றார். எனக்கும் மேலே இருந்துதான் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார், நானும்.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோயர் வந்துபோன மறுநாள் வேலை முடிந்து வரும்போது அப்பா ஓடைப் பக்கத்திலிருந்து ஒரு பலாக்கன்றை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார். அம்மா வாசலில் நின்று பார்த்தார். எங்கள் லயத்தில் எல்லாரும் கீரை போடுவார்கள், மிளகாய் போடுவார்கள், பூசணி போடுவார்கள். ஒரு மாதம், மூன்று மாதம் என்று காய்த்து முடிகிறவைதான். மரம் வைத்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டதும் இல்லை.

கன்றை வைத்து மண்ணை மிதித்துக்கொண்டிருக்கும்போது தோட்டத்தை நிர்வகிக்கும் துரை மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கமாக வந்துவிட்டார். அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார். ஆனால் ஒதுங்கவில்லை. யாரைக் கேட்டு மரம் வைக்கிறாய் என்றார் துரை.

“கோர்ட்டுல சொல்லிட்டாங்க தொரை, இது நாம நெரந்தரமா இருக்கிற எடமாம்” என்றார் அப்பா.

தீர்ப்பில் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, மஸூதா. நிலம் இன்னும் கம்பெனியுடையதுதான் என்று லோயர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். துரை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினார். கன்றையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார். நடுவில் எவ்வளவு தூரம் என்று காலால் அளந்தார்.

“இவ்வளவு கிட்ட வைக்காத மாரிமுத்து. வேர் விட்டா செவரு வெடிச்சிரும். இன்னும் தள்ளி வையி” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அப்பா கன்றைப் பெயர்த்தெடுத்தார். பத்தடி தள்ளிப் போய், மெதுவாக, முன்பைவிட ஆழமாக ஒரு குழி வெட்டத் தொடங்கினார்.

உன் கமலாட்சி